பேறுகால அச்சமும் தவக்குலும்

வீட்டு மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதி வந்தால் நமது இல்லங்களில் மகிழ்ச்சி பொங்குகிறது. பெரியவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள். அக்கம்பக்கத்தார் வந்து நலம் விசாரிக்கிறார்கள். ஆனால் அதே சேதியால் நடுங்கிப் போய், இரவெல்லாம் உறக்கமின்றிப் புரளுகிற ஒருத்தியும் அந்த வீட்டில் இருக்கக்கூடும். அவள் வேறு யாருமல்ல. கருவைச் சுமக்கும் அந்தப் பெண்ணேதான்! முந்திய பேற்றில் மரணத்தின் வாசல் வரை போய் வந்தவளுக்கு, அல்லது பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பியவளுக்கு, இந்தச் சேதி மகிழ்ச்சியை மட்டுமா தரும்?

இத்தகைய சகோதரிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் மார்க்கம் காட்டும் வழி என்ன என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

நாம் அறிந்த ஒரு வீடு

நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவம் மிகவும் கடினமாக அமைந்தது. ஒன்றரை நாள் வலியில் துடித்தாள். பிள்ளை பிறந்ததும் உதிரப்போக்கு நிற்கவில்லை. நள்ளிரவில் இரத்தம் தேடி ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் வாசலில் அழுதுகொண்டிருந்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவள் மீண்டும் கருவுற்றாள். நான்கு மாதங்கள் வரை யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் கண்டுபிடித்துக் கேட்டபோது அவள் சொன்னாள்: "சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க மாமி. அந்த வாசலை என்னால மிதிக்க முடியாது."

வீட்டார் கெட்டவர்கள் அல்லர். அவள்மீது பாசம் கொண்டவர்கள்தாம். எனவே தமக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார்கள். "அல்லாஹ் மேல பாரத்தைப் போடும்மா. எல்லாரும்தான் பிள்ளை பெத்துக்கிறாங்க. ஈமான் உறுதியா இருந்தா இப்படிப் பயம் வருமா?"

அவள் திக்ரை அதிகமாக்கினாள். தஹஜ்ஜுதுக்கு எழுந்தாள். ஆயினும், மருந்து வாசனை மூக்கில் பட்டால் கை நடுங்குவது நிற்கவில்லை. முன்பு ஒரு சுமைதான் இருந்தது, அது அச்சம். இப்போது இரண்டாவதாக ஒரு சுமையும் சேர்ந்துகொண்டது. "நமக்கு ஈமான் போதவில்லையோ?" என்ற வெட்கமே அது.

நாம் கேட்கிறோம்: அச்சம் கொள்வது ஈமானின் குறையா?

திருமறை காட்டும் இரு தாய்மார்கள்

அன்னை மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைத் திருக்குர்ஆன் 19-ஆவது அத்தியாயத்தில் விவரிக்கிறது. பிரசவ வேதனை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்த்தது. இதற்கு முன்பே நான் இறந்து, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தில் உடலின் வேதனையும் இருந்தது. ஊரார் என்ன பேசுவார்களோ என்ற மனத்தின் வேதனையும் இருந்தது. உலகத்துப் பெண்களுள் அல்லாஹ் தேர்ந்தெடுத்த உத்தமியின் நாவிலிருந்தே இந்தச் சொல் வந்தது!

அப்போது அவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? கண்டனம் அன்று. உனக்கு நம்பிக்கை இல்லையா என்ற கேள்வியும் அன்று. கவலைப்படாதே என்ற ஆறுதல் முதலில் வந்தது. அடுத்து, கீழே ஓடும் நீரோடை காட்டப்பட்டது. அதன் பின், மரத்தைப் பிடித்து உலுக்கு, கனிந்த பழங்கள் உதிரும், உண்டு பருகி மனம் குளிர்ந்திரு என்று சொல்லப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். பிள்ளை பெறும் நிலையிலுள்ள ஒரு பெண்ணின் கைக்குப் பேரீச்ச மரத்தை உலுக்கும் வலு ஏது? பழத்தைத் தானாகவே உதிர்க்க அல்லாஹ்வால் முடியாதா? முடியும். ஆயினும் கையை நீட்டச் சொன்னான். முயற்சி நம்முடையது, பலன் அவனுடையது. அத்துடன், அஞ்சி நிற்கும் தாய்க்கு வெறும் உபதேசம் போதாது; தண்ணீரும் உணவும் அருகில் ஆறுதலும் வேண்டும் என்பதையும் அந்த நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

இன்னொரு தாய், மூஸா (அலை) அவர்களின் அன்னை. அஞ்சாதே, கவலைப்படாதே என்று அல்லாஹ்வே அவர்களுக்கு அறிவித்திருந்தான். அப்படியிருந்தும், குழந்தையை ஆற்றில் விட்ட பின் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அவன் அந்த உள்ளத்தை உறுதிப்படுத்தியிராவிட்டால் இரகசியத்தையே வெளியிட்டிருப்பார்கள் என்றும் 28-ஆவது அத்தியாயம் கூறுகிறது. உள்ளம் உறுதி பெற்றதும் அவர்கள் செய்த காரியம் என்ன? வாளாவிருக்கவில்லை. குழந்தையைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும்படி தம் மகளை அனுப்பினார்கள்.

பிள்ளையை இழந்த சகோதரிகளுக்கும் முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் தம் அருமை மகன் இப்ராஹீம் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று வியப்புடன் கேட்ட தோழருக்கு, இது இரக்கம் என்று விளக்கினார்கள். பழைய இழப்பை எண்ணி இப்போது அழுவது பொறுமையின்மை ஆகாது.

மேலும், கவலையை விட்டும் துயரத்தை விட்டும் பாதுகாவல் தேடும் துஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதி வந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கவலை வருவதே குற்றமாக இருந்தால், அதிலிருந்து காக்கும்படி கேட்க வேண்டிய தேவை என்ன?

ஆகவே, அச்சம் பாவமன்று. அந்த அச்சம் நம்மை எங்கே கொண்டு போகிறது என்பதே கேள்வி. மருத்துவரிடம் கொண்டு சென்றால் அது நமக்கு நன்மை. மருத்துவரை விட்டு ஓடச் செய்தால் அதுவே ஆபத்து.

தவக்குல் என்பது எது?

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்ற சொல் உண்மையானது. ஆனால் அதை நாம் எந்த இடத்தில் சொல்கிறோம்? செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுச் சொன்னால் அது தவக்குல். செய்யாமல் இருப்பதற்காகச் சொன்னால் அது சோம்பல்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியது. அந்நாட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கலீஃபா அவர்கள் ஆலோசனை கலந்து, வழியிலேயே திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீஃபாவின் பதிலாக இருந்தது. மருந்தும், மருத்துவமும், காலாகாலத்தில் செய்யும் சோதனையும் அல்லாஹ்வின் விதிக்குள் அடங்கியவையே. சிகிச்சை செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். பேறுகாலத்தில் இறக்கும் பெண் ஷஹீதின் அந்தஸ்தை அடைகிறாள் என்பது ஹதீஸ். இழந்து நிற்கும் குடும்பத்துக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் அதையே காரணமாக்கி, வாய்த்தால் பிழைப்பாள், இல்லையேல் ஷஹீத் என்று கவனிப்பில் அலட்சியம் காட்டலாமா? கொள்ளைநோயில் இறப்பவரும் ஷஹீத் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. இருந்தும் உமர் (ரலி) அவர்கள் கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் படையை அழைத்துச் செல்லவில்லையே!

நம் முன்னோர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டிலேயே குர்துபா நகரத்து அரீப் இப்னு ஸஃத் என்ற அறிஞர், கருவின் வளர்ச்சி பற்றியும் கருவுற்ற பெண்களையும் பச்சிளங்குழந்தைகளையும் பேணும் முறை பற்றியும் தனி நூலே இயற்றினார். கர்ப்பகால மருத்துவம் நமக்குப் புதியதன்று.

ஒரு மூதாட்டியின் கேள்வி

நாம் சொன்ன அந்த வீட்டுக்குத் திரும்புவோம். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் மூதாட்டி ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்க்க வந்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு என்னதாம்மா நடந்துச்சு? முதல்லேருந்து எனக்குச் சொல்லு" என்று கேட்டார்.

மூன்று ஆண்டுகளில் யாருமே அவளிடம் கேட்காத கேள்வி அது! அவள் ஒரு மணி நேரம் பேசினாள், அழுதாள். அவளுடைய அச்சம் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. தான் ஏதோ தவறு செய்ததால்தான் அத்தனை இரத்தம் போயிற்று என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நடந்தது என்னவென்று யாரும் அவளுக்கு விளக்கவே இல்லை. அறையில் தனியாகக் கிடந்த அந்த நேரம் அவள் கனவிலும் வந்துகொண்டிருந்தது.

மூதாட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். மூன்று கேள்விகளை எழுத வைத்தார். ஏன் அவ்வளவு இரத்தம் போயிற்று? மறுபடியும் அப்படி ஆகுமா? என்னுடன் யாராவது இருக்கலாமா?

மாமியாரே அவளை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பழைய மருத்துவமனைத் தாளைப் படித்துப் பார்த்த மருத்துவர் விளக்கினார். பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் உதிரம் நிற்கும். நெடுநேர வலியால் களைத்த கர்ப்பப்பை சில வேளை சுருங்காமல் தளர்ந்து விடுகிறது; அது தாயின் தவறன்று. ஒருமுறை அப்படியானவருக்கு மறுமுறையும் ஆவதற்கு வாய்ப்புக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் இம்முறை ஆயத்தமாக இருக்கலாம். உடலில் இரத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்தில் பேற்றை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பிறந்தவுடனேயே கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஊசி போடப்படும் என்றெல்லாம் சொன்னார்.

பெயர் தெரியாத பயம் பெரியது. பெயர் தெரிந்த பயத்துக்குப் பரிகாரம் தேடலாம்.

முதல் சந்திப்பில் சொல்ல வேண்டியவை

கருவுற்றது தெரிந்ததும், 12 வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்வது அவசியம். பிரசவம் வரை குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. அதே 2016 முதல், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் இலவசப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. முந்திய பேறு கடினமாக இருந்தவர்கள் முதல் சந்திப்பிலேயே கீழ்க்கண்டவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முன்பு அறுவை செய்து பிள்ளை எடுத்திருந்தால், எதற்காக எடுத்தார்கள் என்ற விவரம். அத்தகையவர்கள் அறுவை வசதியுள்ள மருத்துவமனையிலேயே பேற்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பு இரத்தக் கொதிப்போ வலிப்போ வந்திருந்தால் அதுவும். அது மீண்டும் வராமல் தடுக்க, தொடக்க மாதங்களிலேயே மருத்துவர் மாத்திரை தரக்கூடும். ஐந்தாம் மாதம் வரை மறைத்து வைத்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு, வயிற்றிலேயே குழந்தை இறந்தது, கர்ப்பகாலச் சர்க்கரை ஆகியவை ஏற்பட்டிருந்தால் அவையும். தாயின் இரத்தம் நெகடிவ் வகையாக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உரிய காலத்தில் போடும் ஊசி அடுத்த குழந்தைகளைக் காக்கும்.

எல்லாவற்றையும்விட, தனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதில் வெட்கம் எதற்கு? உறக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவு, பழைய காட்சி கண்முன் நிற்பது ஆகியவை மனத்தில் பட்ட காயத்தின் அறிகுறிகள். அதற்கும் மருத்துவம் உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மனநல ஆலோசனைக்கு 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இந்தியா முழுவதற்கும் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ விழுங்காமல், எலுமிச்சைச் சாறு போன்றவற்றுடன் சாப்பிட்டால் நன்கு சேரும். உதிரம் படுதல், தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், முகம் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே போக வேண்டும்.

சில மஸாயில்கள்

கர்ப்பகாலத்தில் உதிரம் பட்டால் தொழலாமா என்று சகோதரிகள் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின்படி அது மாதவிடாய் அன்று. ஷாஃபி மத்ஹபில் உரிய நிபந்தனைகள் பொருந்தினால் மாதவிடாயாகக் கொள்ளப்படும். ஆனால் ஆலிமிடம் கேட்பதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். உயிரைக் காப்பது முந்தியது. சட்டத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சும் கர்ப்பிணி ரமளான் நோன்பை விட்டுவிட மார்க்கம் அனுமதிக்கிறது. பின்னர் களாச் செய்ய வேண்டும். குழந்தைக்காக மட்டுமே விட்டிருந்தால், ஷாஃபி மத்ஹபில் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். சலுகையை ஏற்பது குறையன்று. அதுவும் அல்லாஹ்வின் கொடையே.

பர்தாவைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்களும் உள்ளனர். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே நாட வேண்டும். கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதி கூறியிருக்கிறார்கள். அப்போது கணவரோ வேறொரு பெண்ணோ உடன் இருப்பது முறை.

குடும்பத்தாரின் கடமை

கணவன்மார்களே! பரிசோதனைக்கு மனைவியைத் தனியே அனுப்பாதீர்கள். ஒரு நாள் கடையை அடைத்தாலும் நட்டமில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அன்றைய தினம் தொலைபேசியில் அழைத்து, மருத்துவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவளுடைய இரத்த வகையைச் சேர்ந்த இருவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊர்தி எது, எந்த மருத்துவமனை, யார் உடன் போவது என்பதை எட்டாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். அவசர வேளையில் 108 இருக்கிறது.

மாமியார்களே, தாய்மார்களே! தெருவில் யாருக்கு என்ன ஆயிற்று என்ற கதைகளை அவள் காதில் போடாதீர்கள். பயப்படாதே என்று சொல்வதைவிட, நான் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் உறவுப் பெண் ஒருவர் உடன் இருக்கும் ஏற்பாடு 2004-இல் கொண்டுவரப்பட்டது. அதைக் கேட்டுப் பெறுங்கள். அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கு அந்த நேரத்தில் மனிதத் துணை இல்லை. அல்லாஹ்வின் ஆறுதல் வந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஆறுதலைக் கொண்டு செல்லும் பொறுப்பு நமக்கல்லவா தரப்பட்டிருக்கிறது!

முடிவாக

அந்தச் சகோதரி ஒவ்வொரு மாதமும் பரிசோதனைக்குப் போனாள். முதன்முறை வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. மாமியார் அவசரப்படுத்தாமல் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். பேற்று நாளில் உதிரம் இம்முறையும் சற்றுக் கூடுதலாகவே போயிற்று. ஆனால் மருத்துவர் எதிர்பார்த்திருந்தார். ஊசி தயாராக இருந்தது. இரத்தமும் தயாராக இருந்தது. அல்லாஹ் அவளுக்கு ஒரு பெண் மகவைக் கொடுத்தான். பயம் எப்போது போயிற்று என்று அவளிடம் கேட்டால், "அது கடைசி வரைக்கும் போகலை. அதையும் கூட்டிக்கிட்டுதான் போனேன்" என்கிறாள்.

ஆம்! பயம் முற்றிலும் நீங்கிய பிறகுதான் போவேன் என்று காத்திருப்பது தவக்குல் அன்று. பயத்துடனேயே, பிஸ்மில்லாஹ் என்று முதல் அடியை எடுத்து வைப்பதே தவக்குல். மரத்தை உலுக்க நீளும் கைக்கே பழம் உதிர்கிறது.

கருவைச் சுமக்கும் நம் சகோதரிகள் அனைவரின் உள்ளங்களையும் மூஸா நபியின் தாயாரின் உள்ளத்தைப் போல் அல்லாஹ் உறுதிப்படுத்துவானாக! அவர்களின் பேற்றை எளிதாக்கி, தாயையும் சேயையும் சுகமாக இல்லம் சேர்ப்பானாக! அவர்களுக்கு உற்ற துணையாய் நிற்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.